ளைசா என்னும் விண்கப்பல்

“றாசு. ளைவா. றைபா.”

மூன்று பெயரையும் போனில் பார்த்துப் படித்துவிட்டு பெனிட்டோ தாடையைத் தேய்த்துக்கொண்டான். “இன்னாக்கா இது? பல்லு புடுங்கின கையோட பேசினா மாதிரி கீது.”

“விண்கப்பலோட பேரு,” என்றாள் இஷ்ரத். “மூணும் வானத்துல பறக்குது. உனக்கு ஒண்ணும் தோணல?”

“சீக்கிரம் கீழ எறங்கிட்டா நல்லதுன்னு தோணுது.”

ராயபுரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தது இஷ்ரத்தின் துப்பறியும் நிலையம். இருபத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள் அவள். அச்சகத்தை மூடியபோது மற்றவர்கள் வேறு அச்சகம் தேடினார்கள். இவள் காணாமல் போனவர்களைத் தேட ஆரம்பித்தாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததையும், இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதையும் பார்த்தால் போதுமாம். பெனிட்டோ ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவன் ஆட்டோதான் நிலையத்தின் ஒரே வாகனம். வாய் மட்டும் எப்போதும்போல் ஷேர் ஆட்டோ வாய்.

மூன்று நாளுக்கு முன் வந்த புஷ்பவல்லியைத்தான் அவன் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். காத்திவாக்கத்தில் மீன் ஏலம் விடுகிற பெண்பிள்ளை. ஐம்பதைத் தாண்டியவள். நூறு பேர் நடுவில் கூவிப் பழகிய குரலை இந்தச் சின்ன அறைக்குள் அடக்கத் தெரியாமல், அடக்கி அடக்கிப் பேசினாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன் புருஷன் கோதண்டம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கிக் கிடந்தது. ஒரே மகன் வெற்றி படகைத் தொடமாட்டேன் என்றான். எந்நேரமும் நோட்டும் பேனாவுமாக ஆகாயத்தில் ஓடுகிற கப்பல்களைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஆத்திரத்தில் ஏழு நோட்டையும் அள்ளிக்கொண்டுபோய் கழிமுகத்தில் வீசிவிட்டாள். “ஆகாசத்துல ஏதுடா கப்பலு?” என்று கேட்டாளாம். அன்று சாயங்காலம் போனவன்தான். மூன்று வருடம் ஆகிறது.

பத்து மாதத்துக்கு முன், அவளுடைய அண்ணன் மகள் மோகனப்ரியா ஒரு கதை ஆப்பில் அதே ஆகாயக் கப்பல் கதையைக் கண்டுபிடித்தாள். ‘அலையில்லாக் கடல்’. எழுதியவர் பெயர் ‘முகத்துவாரத்தான்’. வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். புஷ்பவல்லிக்குப் படிக்க வராது. மோகனப்ரியா உரக்கப் படிப்பாள், இவள் கேட்பாள்.

“இத எழுதுறவன என் முன்னால இட்டாந்து நிறுத்தும்மா,” என்றாள்.

“கவலப்படாதம்மா, உன் புள்ள காதப் புடிச்சி இஸ்துகினு வரேன்,” என்று பெனிட்டோ சொன்னான். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். புஷ்பவல்லி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

“ஆப்காரங்ககிட்ட அட்ரஸ் கேட்டுட்டா வேல முடிஞ்சிது,” என்றான் இப்போது.

“கேட்டாச்சு. தரமாட்டாங்களாம். அதனாலதான் நூத்து நாப்பது அத்தியாயத்தையும் படிச்சேன்.” இஷ்ரத் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். “தமிழ்ல ‘றா’ல ஆரம்பிக்கிற சொல் ஒண்ணு சொல்லு.”

“ராயபுரம்.”

“அது சின்ன ர.”

பெனிட்டோ கூரையைப் பார்த்தான். விசிறியைப் பார்த்தான். “இல்லியேக்கா.”

“‘ளை’யில?”

“அதுவும் இல்ல.”

“ஒரு சொல்லு ஆரம்பிக்கவே கூடாத எழுத்துல ஆரம்பிக்குதுன்னா, அது ஆரம்பமே இல்ல. கடைசி எழுத்து. திருப்பிப் படி.”

“சு... றா.” நெற்றியில் அடித்துக்கொண்டான். “சுறா! ளைவா, வாளை! றைபா... பாறை. பாறை மீனு! ஐய்ய, ஆகாசத்துக்குப் போயும் பையன் மீன் மார்க்கெட்ட விட்டு வரலியா?”

“றாசு தனியா வேட்டையாடற கப்பல். கதாநாயகன் அதுல கேப்டன். ளைவா நீளமா, நாடா மாதிரி வளைஞ்சு போகும். ஒவ்வொரு கப்பலும் எந்த மீனோ அந்த மீன் மாதிரியே நடந்துக்குது. இப்ப இதப் பாரு. பன்னெண்டாவது அத்தியாயம். ‘லைவக’.”

“கவலை. நமக்கே நெறைய கீதுக்கா.”

“மீன்டா.”

“தெரியும்க்கா. கவல மீனு. பொடிசா, வெள்ளியாட்டம். கூட்டங்கூட்டமா வரும்.”

“அதேதான் இங்கயும். ஆயிரக்கணக்கான குட்டிக் கப்பல், ஒண்ணு திரும்பினா எல்லாம் திரும்பும், வெள்ளியா மின்னும்னு எழுதியிருக்கான். சரி. நூத்திப் பதினெட்டாவது அத்தியாயத்துல அதே குட்டிக் கப்பல்கள் திரும்ப வருது. அதே கூட்டம், அதே வெள்ளி. ஆனா பேரு வேற. ‘ளைசா’.”

“சாளை? அப்டி ஒரு மீனு கீதா?”

“அதத்தான் உன்னக் கேக்கறேன். காசிமேட்டுல பொறந்தவன் நீ. உனக்கே தெரியல.” அவள் ஒரு காகிதத்தை நகர்த்தினாள். “இன்னொண்ணு. நூத்திப் பன்னெண்டு வரைக்கும் வாராவாரம் வந்திருக்கு. அப்புறம் ஏழு வாரம் ஒண்ணுமே இல்ல. திரும்ப ஆரம்பிச்சதுலேர்ந்து கதையில ஒருத்தரும் குதிக்கறதில்ல. எல்லாரும் சாடுறாங்க.”

“திட்றதத்தான சாடறதும்பாங்க?”

“‘கேப்டன் கப்பலிலிருந்து சாடினான்.’ நான் மொதல்ல பிழைன்னு நெனச்சு வட்டம் போட்டேன். ஒரே பிழை பதினோரு தடவ வந்தா அது பிழை இல்ல பெனிட்டோ. எழுதுறவன் ஊரு.”

பெனிட்டோவின் கையில் ஆட்டோ சாவி ஏற்கெனவே வந்திருந்தது.

காசிமேட்டில் பட்டம்மாள் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பெனிட்டோவுக்கு அவள் பெரியம்மா முறை. கேள்வியைக் கேட்டதும் கத்தியை நிறுத்தாமலே சிரித்தாள்.

“சாளையா? கவலதாண்டா அது. கன்யாகுமரி ஆளுங்க அப்டித்தான் சொல்வானுங்க. இது கூடத் தெரியாம நீ இன்னா காசிமேட்டுக்காரன்?”

“அவங்க குதிக்கறதுக்கு இன்னா சொல்வாங்க பெர்ம்மா?”

“சாடறதும்பானுங்க. ‘வெள்ளத்துல சாடு’ன்னுவான், தண்ணில குதின்னு அர்த்தம். இன்னாத்துக்குடா இந்த விசாரணை?”

இஷ்ரத் குனிந்தாள். “அந்த ஊர்க்காரங்க இங்க யாராவது இருக்காங்களாம்மா? எப்பவும் போன்ல எழுதிட்டே இருக்கற ஆள்?”

“ஐஸ் ஒடைக்கிற எடத்துல ஜெரின்னு ஒருத்தன் கீறான். ஆறேழு மாசம் இருக்கும் வந்து. யாரோடயும் பேசமாட்டான், சோறு துண்றப்போ கூட போன்ல தட்டிகினே இருப்பான். வெள்ளிக்கெயம ஆனா நாலு மணிக்கு மேல நிக்கமாட்டான், எண்ணூர் பஸ்ஸப் புடிச்சி ஓடுவான். பொண்ணு கீதான்னு பசங்க கலாய்ப்பானுங்க.” பட்டம்மாள் கத்தியால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காட்டினாள். “இப்பத்தான் போனான்.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி நின்றன. பெனிட்டோ அவற்றுக்கு நடுவே ஆட்டோவை நுழைத்து நுழைத்து ஓட்டினான். வலப்பக்கம் பாறாங்கல் கொட்டிய கரையில் அலை மோதிக்கொண்டிருந்தது. திருவொற்றியூர் தாண்டுகிறவரைக்கும் அவனுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

“கேஸு முடிஞ்சிதுக்கா. வெற்றி சொல்லச் சொல்ல இந்த ஜெரின் டைப் பண்றான். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல கீறானுங்க. ஆத்தா வூட்ட நோட்டம் பாத்துட்டு வாடான்னு தோஸ்த அனுப்பறான். வீம்பு!”

 கண்ணாடியில் பார்த்தான். இஷ்ரத் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா?”

“சொல்லச் சொல்ல எழுதறவன் சொன்னதத்தான் எழுதுவான். கவலைன்னு சொன்னா கவலைன்னுதான் எழுதுவான்.”

 எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கின பெனிட்டோவின் கை தானாகத் தளர்ந்தது. சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்று இருந்த அவசரம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

காத்திவாக்கத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மணலில் வலைகள் விரித்துக் கிடந்தன. புஷ்பவல்லியின் வீட்டு வாசலில் அவள் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மோகனப்ரியா போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இருபது அடி தள்ளி, கவிழ்த்துவைத்த ஃபைபர் படகின் மறைவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன். இருபத்தேழு வயதிருக்கும். ஐஸ் உடைத்துத் தோல் வெளுத்துப்போன விரல்கள். படிக்கிற ஒவ்வொரு வரிக்கும் அவன் உதடு முன்னாலேயே அசைந்தது.

பெனிட்டோ அவன் தோளில் கை வைத்தான். ஓடுவான் என்று நினைத்தான். ஜெரின் திரும்பிப் பார்த்து, “போலீஸா?” என்று மட்டும் கேட்டான்.

“இல்லப்பா,” என்றாள் இஷ்ரத், அவன் எதிரில் மணலில் உட்கார்ந்து. “வெற்றி எங்க?”

அவன் இவ்வளவு நாளும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் பேசினான்.

“இல்ல அக்கா. எட்டு மாசம் ஆச்சு.”

வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகில் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அப்பாவின் படகை வேண்டாம் என்று வந்தவனுக்குக் கிடைத்த வேலையும் படகுதான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. படகு கரையில் நிற்கிற அந்த ஒரு நாளில் வெற்றி வாரம் முழுக்க யோசித்ததை எழுதி ஏற்றுவான். மற்ற ஆறு நாளும் வலை இழுத்தபடி ஜெரினுக்குக் கதை சொல்வான். கப்பல் பெயரைத் திருப்பிவைக்கிற வித்தையையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். ஏலத்தில் வியாபாரிகளுக்குப் புரியாமல் இருக்க அவனும் அப்பனும் ஆத்தாளும் மீன் பேரைத் திருப்பித் திருப்பிப் பேசுவார்களாம்.

“ஒரு நாள் வல காத்தாடியில சுத்திக்கிட்டு. அதாம், எஞ்சினுக்க விசிறியில. ‘நான் அறுத்துட்டு வாறேன், நீ டீ போடு’ன்னு அவனுக்க போன எங்கிட்ட தந்துட்டு வெள்ளத்துல சாடினான். கயிறு எனக்க கையிலதான் இருந்து. இழுத்தேன், வெறுங்கயிறுதான் வந்து.” அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். “ரெண்டு நாள் தேடினோம். முதலாளி அவன் வேலைய விட்டு ஓடிப்போயிட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு. செத்தான்னு எழுதினா அவருக்கு கேஸ் வரும் இல்லியா. அதுனால இங்க ஒருத்தருக்கும் சேதி தாக்கல் வரல.”

“நீ சொல்லலாமே.”

“சொல்லத்தான் அக்கா வந்தேன். ஊருக்குக் கூடப் போகாம நேரா இங்கதான் வந்தேன். ஒரு வெள்ளிக்கிழம. இதே எடம் வர வந்துட்டேன். அந்தப் பிள்ள பழைய அத்தியாயம் ஒண்ண வாசிச்சிட்டு இருந்தா. அம்மா கேட்டாங்க, ‘புச்சா வந்துகீதா பாருடி’ன்னு. அவ இல்லைன்னா. ‘ஏழு வாரமாச்சே’ன்னு சொன்னாங்க. பொறவு, ‘அடுத்த வெள்ளி வரும்’னு அவங்களே சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போனாங்க.” ஜெரின் மணலைப் பார்த்தபடி சொன்னான். “அன்னைக்குதான் அவனுக்க போனத் திறந்தேன். ஒண்ணே ஒண்ணு எழுதலாம், அதுக்குப் பொறவு சொல்லிரலாம்னு. எனக்கு எழுதத் தெரியாது அக்கா. அவன் சொன்னதெல்லாம் நாலு வாரத்துல தீந்து போச்சு. மிச்சம் எல்லாம் நானா எழுதினேன்.”

வாசலிலிருந்து மோகனப்ரியாவின் குரல் மிதந்து வந்தது. ளைசாக்கள் றாசுவைச் சுற்றி வளைத்துக் காப்பாற்றிக் கொண்டிருந்தன.

பெனிட்டோ இஷ்ரத்தின் பக்கம் குனிந்தான். “அக்கா. ஆள் கெடைக்கலன்னு சொல்லிடலாங்க்கா. நம்ம வாங்கின ஃபீஸ திருப்பிக் குடுத்துடலாம். இவன் எழுதிகினு போவட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்? அந்தம்மா மூஞ்சப் பாருங்க. சிரிக்குது.”

“இன்னும் எத்தன வருஷத்துக்கு?”

 இஷ்ரத் எழுந்திருக்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்த கணத்தில் ஒரு துள்ளலோடு வட்டம் போடுகிறவள் அவள். இன்றைக்கு அந்தத் துள்ளல் முகத்தில் எங்கேயும் இல்லை.

வாசலில் படிப்பது நின்றது.

“டேய் நைனா!” ஏலம் விடுகிற குரல். ஊருக்கே கேட்டிருக்கும். “படகுக்குப் பின்னால எத்தினி நேரம் குந்திகினு இருப்ப? அதான் இட்டாந்துட்டாங்க இல்ல. வா இப்டி.”

மூவரும் எழுந்து போனார்கள். புஷ்பவல்லி ஜெரினை ஏற இறங்கப் பார்த்தாள். மோகனப்ரியா போனை மார்போடு அணைத்தபடி எதுவும் புரியாமல் நின்றாள்.

“ஆறு மாசமா பாக்கறேன் உன்ன,” என்றாள் புஷ்பவல்லி. “வெள்ளி ஆனா வருவ, கத முடிஞ்சா போவ.”

“அப்ப எதுக்கும்மா எங்களத் தேடச் சொன்ன?” என்றான் பெனிட்டோ.

“நானா போயி கூப்ட்டா நானா கேட்டா மாதிரி ஆயிடும் நைனா. அந்தத் தெம்பு எனக்கு இல்ல. யாராவது கொண்டாந்து நிறுத்திட்டா கேட்டுத்தான ஆவணும்.” அவள் இஷ்ரத்தின் பக்கம் திரும்பினாள். “என் புள்ளயத் தேடுன்னு நான் உங்கையில சொல்லல. எழுதுறவனத் தேடுன்னுதான் சொன்னேன்.”

“எப்பத் தெரிஞ்சிதும்மா?” என்று கேட்டாள் இஷ்ரத்.

“ளைசா. இவ படிச்சா. எங்க வூட்ல யாரும் சாளைன்னு சொல்லமாட்டோம். சரி, தப்பா அடிச்சிருப்பான்னு மனச தேத்திகினேன். அப்பால அந்தக் கேப்டன் வாராவாரம் அவங்க ஆத்தாகிட்ட மன்னிப்பு கேட்டுகினே கீறான்.” அவள் தலையை ஆட்டினாள். “என் புள்ள கேக்கமாட்டான். அவன் ஏன் கேக்கணும்? நோட்ட வீசினது நான். மன்னிப்பு கேக்க வேண்டியது நான்.”

ஜெரின் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“றாசுவ அவன் யார் கையிலயும் குடுக்கமாட்டான்,” என்றாள் அவள். “குடுத்துட்டான்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? உன் வாயால சொல்லு. மொத்தமும் சொல்லு.”

அவன் சொன்னான். வலை, கயிறு, போன், டீ. எதையும் விடவில்லை. அவள் குறுக்கே ஒரு தடவைதான் பேசினாள். “தண்ணி சில்லுனு இருந்துதா?” என்று கேட்டாள். “இல்ல அம்மா, வெதுவெதுன்னுதான் இருந்து,” என்றான். அவள் தலையசைத்தாள். கடைசியில் முதலாளி எழுதிக்கொடுத்ததைச் சொன்னபோதுதான் அவள் முகம் உடைந்தது. மோகனப்ரியா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அந்தப் பெரிய குரல் அழும்போது ஒரு துளிச் சத்தமும் வரவில்லை. பெனிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ விரித்த வலையின் கண்களை எண்ணிக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஓடிப்போனவனாமா? என் புள்ளயா? இருபது வருஷம் கழிச்சி எவனாவது அந்தக் காயிதத்தப் பாத்தா ஓடுகாலின்னுதான நெனைப்பான்? அந்த வார்த்தைய அடிச்சித் தர முடியுமா உன்னால?”

“முடியும்,” என்றாள் இஷ்ரத். “தூதரகத்துக்கு மனு போடணும். நேர்ல பாத்த சாட்சி வேணும். நாளாகும்.”

“நான் இருக்கேன்,” என்றான் ஜெரின். “எனக்க பேரு, ஊரு எல்லாம் போடுங்க. திரும்ப அந்த நாட்டுல வேல கெடைக்காது, போகட்டும், சாரமில்ல.”

மோகனப்ரியா உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். இஷ்ரத் மீன் கூடையின் மேல் தாளை வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க, புஷ்பவல்லி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“பேரு?”

“வெற்றி.”

“தகப்பனார்?”

“கோதண்டம். அவரும் கடல்லதான்.”

“வயசு?”

“இருபத்தாறு. ஆடி வந்தா இருபத்தேயு.”

அடுத்த கேள்வியை இஷ்ரத் கேட்கவில்லை. அவளாகவே எழுதத் தொடங்கினாள். புஷ்பவல்லிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனா ஓடுவதை அவள் கண் தொடர்ந்தது.

“இன்னாத்த எழுதுற?”

“தொழில்னு ஒரு எடம் இருக்கும்மா. மீன்பிடித் தொழில்னு...”

“அத அடி,” என்றாள் புஷ்பவல்லி. “கத எழுதுறவன்னு போடு.”